கடலுக்குள் போன மலை விமானம்

கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த செங்கல் சுவரில் நின்றால் எதிரே கழிமுகம், அதைத் தாண்டினால் வங்கக்கடல்தான். 2016 ஜூலை 22 காலை, இதற்கு வடக்கே தாம்பரத்திலிருந்து 29 பேரோடு கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32, போர்ட் பிளேருக்குப் போய்ச் சேரவில்லை. 23,000 அடியில் போனது, இடப்பக்கம் திரும்பி மடமடவென்று உயரம் இழந்தது. ரேடாருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், அது மலைக்கென்றே செய்த விமானம். லே ஓடுதளம் 10,000 அடிக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்று மெலிசு. வெயில் ஏறினால் இன்னும் மெலிசு. இறக்கைக்குப் பிடிமானம் குறையும், எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். அதற்காகப் பழைய பாக்கெட் விமானத்தின் முதுகில் கூடுதலாக ஒரு ஜெட் எஞ்சினைக் கட்டிப் பறக்கவிட்டவர்கள் நம் ஆட்கள். (நாங்கள் ஆபீஸில் போடுகிற அவசர ‘பேட்ச்’ எல்லாம் இதன் முன்னால் தூசு.)

இந்தியாவின் இந்தத் தேவைக்காக, கீவ் நகரின் அந்தோனோவ் நிறுவனம் தன் ஏஎன்-26ஐயே எடுத்து, ஏறக்குறைய இருமடங்கு சக்தியுள்ள, 5,000 குதிரைத்திறனைத் தாண்டிய எஞ்சின்களை மாட்டியது. பெரிய எஞ்சினுக்குப் பெரிய புரொப்பெல்லர் வேண்டும். அது தரையில் இடிக்குமே? எஞ்சினை இறக்கைக்கு மேலே தூக்கி வைத்துவிட்டார்கள். ஏஎன்-32இன் அந்த விநோதத் தோற்றத்துக்குக் காரணம் இதுதான். 1976இல் முதலில் பறந்தது. 1984 முதல் நூற்றுக்கும் மேற்பட்டவை இங்கே வந்தன. 2008இல், 16,000 அடிக்கு மேலுள்ள தௌலத் பெக் ஓல்டியில், 43 வருஷம் கழித்து வந்து இறங்கிய விமானமும் இதுதான்.

ஆனால் வேர் உக்ரைனில். 2009இல் புதுப்பிக்க ஒப்பந்தம் போட்டார்கள்; 40 விமானங்கள் அங்கே போய்வர, மிச்சம் கான்பூரில் என்று திட்டம். 2014இல் கிரீமியா பிரச்சினை வெடித்ததும் உதிரிபாகங்கள் நின்று, கான்பூர் வேலை இழுத்துக்கொண்டே போனது. ஒரே ஆளிடம் சாஃப்ட்வேர் வாங்கி மாட்டிக்கொண்ட எவருக்கும் இந்த வலி புரியும்.

2016 தேடலில் கப்பல்கள், விமானங்கள், நீர்மூழ்கி என்று எல்லாம் இறங்கின. ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. செப்டம்பரில் தேடல் நின்றது. உடல் இல்லாமல் எந்த நாளில் திதி கொடுப்பது என்று 29 வீடுகள் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, 3,400 மீட்டர் ஆழத்தில் சோனார் வைத்துத் துழாவி, சிதறிக் கிடந்த பாகங்களைப் படமெடுத்தது. படங்கள் ஏஎன்-32உடன் ஒத்துப்போயின. அந்தப் பகுதியில் வேறெந்த விமானமும் காணாமல்போனதாகப் பதிவில்லை. பாதுகாப்பு அமைச்சகம் இதை அறிவித்தது 2024 ஜனவரி 12இல். ஏழரை வருஷம் ஆகியிருந்தது.