மாறுவேடத்தில் ஒரு மலை ரயில்

கிறிஸ்துமஸ் வாரத்தில் மேட்டுப்பாளையம்–குன்னூர் ரயில் ஓடுமா ஓடாதா என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. வடகிழக்குப் பருவமழையில் கல்லாருக்கு மேலே எங்காவது மண் சரிந்திருக்கும், தண்டவாளத்தின் நடுவே பாறை உட்கார்ந்திருக்கும், 'ரயில் ரத்து' என்று அறிவிப்பு வந்திருக்கும். அதே ரயில் அதே வாரத்தில் ஏதாவது ஒரு சேனலில் மழையோ மண்சரிவோ பாராமல் ஓடிக்கொண்டிருக்கும். பண்டிகை விடுமுறைக்குப் பழைய படம் போடாத சேனல் ஏது? மலையில் ஊர்கிற ஒரு ரயில் உலகம் முழுக்க டிவிக்குள் புகுந்த வழி, அது ஏறும் மலையைவிட வளைவு நெளிவானது.

அதன் பிறப்பு சுவிட்சர்லாந்தோடு சம்பந்தப்பட்டது. ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் வகுத்த முறைப்படி, இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை போட்டார்கள். 1899இல் பாதை குன்னூரைத் தொட்டது, 1908இல் ஊட்டியை. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் 1914 முதல் வரத் தொடங்கின. இந்த எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர். இரண்டு சிலிண்டர் சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். கல்லார் தாண்டிப் பல்பட்டை தொடங்கியதும், மற்ற இரண்டும் பல்சக்கரத்தைச் சுழற்றும். பன்னிரண்டு அடி போனால் ஓரடி உயரும் ஏற்றம். ஏறும்போது எஞ்சின் இழுக்காது, பின்னால் நின்று தள்ளும். டிரைவருக்கு முன்னால் பெட்டிகள் மட்டும்தான் தெரியும், பாதை தெரியாது. பெட்டிக்கு ஒருவராக முன்மேடையில் நிற்கும் பிரேக்ஸ்மேன்கள் பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியுமாகச் சைகையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பின்னால் அனுப்புவார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிவரை 46 கிலோமீட்டர், 16 குகைப்பாதைகள், 250 பாலங்கள். மேலே போய்ச் சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம்.

அவசரக்காரர்கள் திட்டுகிற இந்த மெதுவைத்தான் சினிமாக்காரர்கள் தேடி வந்தார்கள். வேகமாக ஓடும் ரயிலில் கேமராவைக் கட்டித் தொங்கவிட முடியாது, நடிகரை நிச்சயம் தொங்கவிட முடியாது. இந்த ரயிலில் இரண்டும் முடியும்.

முடித்துக் காட்டியவர் டேவிட் லீன். பதினான்கு ஆண்டுகள் படமே எடுக்காமல் இருந்துவிட்டு அவர் எடுத்த 'எ பாசேஜ் டு இந்தியா' 1984இல் வந்தது. அதுவே அவருடைய கடைசிப் படமாகவும் ஆனது. படத்துக்கு மூலமான ஃபார்ஸ்டரின் நாவலில் வரும் மராபார் குகைகள் பீகார்ப் பக்கம்; கயாவுக்கு அருகிலுள்ள பராபர் குகைகளை மனத்தில் வைத்து எழுதியது. லீன் அங்கே படம் எடுக்கவில்லை. குகைகளைக் கர்நாடகத்தின் பாறைக் குன்றுகளில் வைத்துக்கொண்டார். குகைக்குப் போகும் ரயிலுக்கு நீலகிரிக்கு வந்தார். பெண்கள் இருக்கும் பெட்டிக்கு வெளியே, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு டாக்டர் அஜீஸாக விக்டர் பானர்ஜி தொங்குவார். கீழே பாலம், அதற்கும் கீழே பள்ளம். சீமாட்டிகள் அலறுவார்கள், அவர் சிரிப்பார். பீகார்ச் சமவெளியில் இப்படியொரு காடும் கிடையாது, பள்ளமும் கிடையாது. வெளியூர்க்காரருக்கு இது உறுத்தாது. குன்னூர்க்காரர் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்தால், கதை அந்த நிமிடம் நின்றுபோகும். 'இது நம்ம பாலம்ப்பா' என்று அவர் சொல்லத் தொடங்கிவிட்டால், அஜீஸ் மேல் சுமத்தப்படும் குற்றம் யார் காதிலும் விழாது.

இன்னொன்றும் உண்டு. அந்தப் படத்தின் தயாரிப்பில் ஹெச்பிஓ என்ற அமெரிக்க டிவி நிறுவனத்துக்கும் பங்கு இருந்தது. கொட்டகைக்குப் போகும் முன்பே டிவியின் பணம் அதில் விழுந்துவிட்டது. 11 ஆஸ்கர் பரிந்துரைகள், பெக்கி ஆஷ்கிராஃப்டுக்கும் இசையமைத்த மொரீஸ் ழாருக்கும் விருதுகள். வெள்ளைக்காரர் வீட்டு வரவேற்பறைக்குள் நம் மலை ரயில் போன வழி இதுதான், 'மராபார் ரயில்' என்ற பொய்ப்பெயரில்.

தமிழில் அது பொய்ப்பெயர் வைத்துக்கொள்ளவில்லை. லீனுக்கு இரண்டு வருடம் முன்னால், 1982இல், பாலுமகேந்திரா இந்தப் பாதையிலுள்ள கேத்தி ஸ்டேஷனை அப்படியே எடுத்துக்கொண்டார். 'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சி அங்கேதான். மழை, சேறு, அடிபட்ட கால், தலையில் பானையை வைத்துக்கொண்டு குரங்கு வித்தை காட்டும் கமல், அடையாளம் தெரியாமல் பார்க்கும் ஸ்ரீதேவி, நகர ஆரம்பித்துவிட்ட ரயில். இங்கேயும் ரயிலின் மெதுவே காட்சியைத் தாங்குகிறது. எக்ஸ்பிரஸ் ரயில் என்றால் அரை நிமிடத்தில் போயிருக்கும், அவருக்கு இத்தனை நேரம் ஆடிக்காட்ட வாய்ப்பே இல்லை. கமலுக்கும் ஒளிப்பதிவு செய்த பாலுமகேந்திராவுக்கும் தேசிய விருது. அடுத்த வருடமே அவர் அதை 'சத்மா'வாக இந்தியில் எடுத்தார். இந்த ரயில் வரும் படங்களில் எனக்குப் பிடித்தது 'மூன்றாம் பிறை'தான். ரயில் இங்கே வேடம் போடவில்லை.

மலைக்காரர்கள் இதையெல்லாம் டிவியில் பார்க்கக் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1975 ஆகஸ்ட் 15இல் சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியபோது, அந்த அலை இங்கே எட்டவில்லை. டிவி அலை நேர்கோட்டில் போகும், மலைக்கு மலை மோதி நிற்கும். பிறகு பெட்டி வந்தும் பாடு தீரவில்லை. மேட்டிலிருக்கும் பங்களாவில் படம் பளிச்சென்று விழும், பள்ளத்திலிருக்கும் தொழிலாளர் லயத்தில் புள்ளி புள்ளியாகப் பறக்கும். தகரக் கூரையில் ஒருவர் ஏறி ஆன்டெனாவைத் திருப்ப, 'வருது, வருது, ஐயோ போச்சு' என்று உள்ளேயிருந்து குரல் வரும். டிசம்பர் உறைபனியில் இரும்புக் குழாயைத் தொட்டவர்களுக்கு அந்தச் சிறப்புத் திரைப்படத்தின் விலை தெரியும். 1993இல் சன் டிவி வந்து, கேபிள் ஒயர் தோட்டம் தோட்டமாகப் பரவிய பிறகுதான் இந்த ஏற்றத்தாழ்வு மறைந்தது.

கேபிள் காலத்தின் ரயில் 'சைய்ய சைய்யா' பாட்டு. மணிரத்னத்தின் 'தில் சே', தமிழில் 'உயிரே', 1998. ஓடும் ரயிலின் கூரையில் ஷாருக்கானும் மலைக்கா அரோராவும் ஒரு கூட்டமும் ஆடுகிறார்கள். நடனம் ஃபாரா கான், கேமரா சந்தோஷ் சிவன், இசை ஏ.ஆர்.ரஹ்மான். பின்னால் திரை கட்டிக் காட்டிய மாயம் அல்ல, உண்மையாகவே ரயில்மேல் ஆடியது. இடுப்பில் கட்டிய கயிறு அறுத்த காயங்களை மலைக்கா பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படத்தின் கதையில் நீலகிரியே இல்லை. வடகிழக்கு, லடாக், டெல்லி என்று அது வேறெங்கோ அலைகிறது. மறுபடியும் மாறுவேடம். ஆனால் குகைக்குள் ரயில் நுழையும்போது ஆட்டக்காரர்கள் குனிகிறார்களே, அந்தக் குகை நம்முடையது.

அந்தப் பாட்டு அதன் பிறகு மலையில் தங்கவில்லை. 2002இல் பிபிசி உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில் உலகின் முதல் பத்துப் பாடல்களில் ஒன்பதாவதாக வந்தது. அதே ஆண்டு ஜூனில் லண்டன் அப்பல்லோ விக்டோரியா அரங்கில் 'பாம்பே ட்ரீம்ஸ்' இசை நாடகம் மேடையேறியபோது, அங்கேயும் அது ஆடப்பட்டது. அதற்குச் சில மாதம் முன்புவரை அந்த அரங்கில் நடந்துகொண்டிருந்தது 'ஸ்டார்லைட் எக்ஸ்பிரஸ்'. நடிகர்கள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ரயில்களாகவே நடிக்கும் நாடகம், ஏறக்குறைய பதினெட்டு வருடம் ஓடியது. ரயில் வேடம் போட்ட மனிதர்கள் இறங்கிப்போன மேடையில், ரயில்மேல் பிறந்த ஆட்டம் ஏறியது. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்திருக்க முடியாது. 2006இல் ஸ்பைக் லீ தன் 'இன்சைட் மேன்' படத்தை இந்தப் பாட்டோடுதான் தொடங்கினார். நியூயார்க்கில் ஒரு வங்கிக் கொள்ளை, பின்னணியில் ஊட்டி ரயிலின் தாளம்!

ரயிலையே ரயிலாக 2010இல் டிவி காட்டியது. நீலகிரி ரயில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்து ஐந்து வருடம் கழித்து, பிபிசி இந்திய மலை ரயில்களைப் பற்றி மூன்று பகுதி ஆவணப்படம் ஒளிபரப்பியது. டார்ஜிலிங் முதலில், நீலகிரி இரண்டாவது, கல்கா–சிம்லா மூன்றாவது. அந்த ஆண்டே அதற்கு ராயல் டெலிவிஷன் சொசைட்டி விருது கிடைத்தது. கதாநாயகன், கதாநாயகி, கூரைமேல் ஆட்டம் எதுவும் இல்லை. பாதையில் வேலை செய்கிறவர்களும் அவர்கள் வீடுகளும்தான் அதன் கதை.