கரைமேல் சைக்கிள்

டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி வருகிற இடத்தைத் தடவிப் பார்த்ததுமே, வண்டி எந்த வழியாக வந்தது என்று அப்பா சொல்லிவிடுவார். இரும்புச் சுருளோ கம்பித் துண்டோ குத்தியிருந்தால் கும்மிடிப்பூண்டிப் பக்கம், ஜி.என்.டி ரோடு. சீமைக் கருவேல முள் என்றால் ஏரி, கால்வாய்க் கரை வழி. ஊத்துக்கோட்டையில் எங்கள் சைக்கிள் கடைக்கு வந்த பஞ்சர்களில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

இப்போது ஞாயிறு விடிகாலையில் சென்னையிலிருந்து காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். தலைக்கவசம், கையுறை, வண்டியில் என் கடை முழுவதையும் விற்றாலும் வாங்க முடியாத கியர். "அண்ணா, லாரி வராத ரூட் எது?" என்று கேட்கிறார்கள். நான் கரையைத்தான் காட்டுகிறேன். அந்தக் கரை யாருக்காகப் போட்டது, அவர்களுக்கு முன்னால் அதில் யார் ஓட்டினார்கள் என்பதெல்லாம் காற்று அடித்து முடிப்பதற்குள் சொல்கிற சங்கதி இல்லை.

திருவள்ளூர் மாவட்டத்தில் வண்டி நெரிசல் இல்லாத வழி என்று எதைப் பிடித்தாலும் அதற்கு அடியில் சென்னைப் பட்டணத்தின் தாகம் இருக்கும். கொசஸ்தலை ஆற்றைத் தாமரைப்பாக்கத்தில் அணை கட்டி மறித்து, வாய்க்கால் வெட்டிச் சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் தண்ணீரைத் திருப்பினார்கள். ஃபிரேசர் என்ற பொறியாளர் போட்ட திட்டம் அது. 1872-இல் பட்டணத்துக்கு ஏரித் தண்ணீர் போனது. அதுவும் போதாமல் போனபோது, 1940-இல் பூண்டியில் அதே ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டத் தொடங்கினார்கள். அப்போது மேயராக இருந்து அதற்காக முட்டி மோதியவர் சத்தியமூர்த்தி. அணை திறந்தது 1944-இல்; அவர் 1943-லேயே போய்விட்டார். நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயரை வைத்தது அதற்குப் பிறகு. மூன்றாவதாகக் கிருஷ்ணா கால்வாய். 1983-இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ராமாராவும் ஒப்பந்தம் போட்டார்கள். கண்டலேறு அணையிலிருந்து 152 கிலோமீட்டர் ஆந்திராவுக்குள் ஓடி வந்து, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஜீரோ பாயிண்டில் எல்லை தாண்டி, இன்னும் 25 கிலோமீட்டர் போய்ப் பூண்டியில் விழுகிறது. 1996-இல் முதல் தண்ணீர் வந்தபோது கடையைச் சாத்திவிட்டுத்தான் பார்க்கப் போனோம். ஊரில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள்.

பாசனத்துக்கு என்று வெட்டாத இந்தக் கால்வாயால் எங்களுக்குக் கிடைத்தது கரைதான். தண்ணீர் தானாக இறங்கி ஓட வேண்டும். அதனால் மேடு பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத சரிவில் கால்வாயைக் கொண்டுபோவார்கள். தண்ணீருக்கு ஏற்றம் ஆகாது, மிதிக்கிறவனுக்கும் ஆகாது. இரண்டு பேருக்கும் பொருந்துகிற பாதை இப்படித்தான் அமைந்தது. பொதுப்பணித் துறையின் ஜீப் போய்வரக் கரைமேல் கிராவல் அடித்து வைத்தார்கள். குறுக்கே வருகிற ஊர் ரோடெல்லாம் பாலத்தின் மேல் ஏறிக் கடந்துவிடும்.

கரையில் முறைப்படி சைக்கிள் ஓட்டியவர்கள் பொதுப்பணித் துறையின் லஸ்கர்கள். காக்கி அரைக்கால் சட்டை, கேரியரில் மண்வெட்டி, ஹேண்டிலில் சாப்பாட்டுத் தூக்கு. மதகு திறப்பது, உடைப்பு பார்ப்பது, ராத்திரி மோட்டார் வைத்துத் தண்ணீர் எடுப்பவரை விரட்டுவது எல்லாம் அவர்கள் வேலை. அவர்கள் வண்டிக்கு வருவது ஒரே கோளாறுதான்: கிராவலில் அடிபட்டு ரிம் நெளிந்துவிடும். கோட்டம் எடுக்கிற கை எனக்குப் பழகியதே லஸ்கர் வண்டிகளில்தான்.

மற்றவர்கள் எல்லோரும் திருட்டுத்தனமாக ஓட்டியவர்கள். அப்பா காலத்தில் சைக்கிளுக்கு வரி உண்டு. கட்டினால் ஒரு தகர வில்லை தருவார்கள், அதை வண்டியில் மாட்டிக்கொள்ள வேண்டும். வில்லை இல்லை என்றால் அபராதம். இருட்டில் விளக்கு இல்லை என்றால் அபராதம். பின்னால் ஒருவரை ஏற்றி டபுள்ஸ் போனால் காற்றைப் பிடுங்கி விட்டுவிடுவார் ஏட்டய்யா. அப்படிக் காற்றுப் போன வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களால் எங்கள் கடை ஓரளவு ஓடியது என்பதும் உண்மை. ரோட்டில் இத்தனை சட்டம் இருக்க, ஏரிக்கரையில் ஒரு சட்டமும் இல்லை. பெண்டாட்டியை கேரியரிலும் பிள்ளையைப் பாரிலும் உட்கார வைத்து, ஆடி மாதம் பெரியபாளையத்து அம்மனுக்கு ஆரணி ஆற்றோரமாகவே போய்ச் சேர்ந்துவிடுவார்கள். பால் கேன் கட்டியவர்கள், செங்கல் சூளைக்குப் போகிறவர்கள், விறகுக் கட்டுக்காரர்கள் எல்லோரும் கரைதான். எல்லை ஊர் என்பதால் லாரி டியூபில் சாராயம் கட்டி வந்தவர்களும் கரைதான். அவர்கள் வண்டி பஞ்சரானால் அப்பா முன்பணம் வாங்காமல் டயரைக் கழற்ற மாட்டார்.

வண்டிகளோ பெரும்பாலும் பக்கத்து ஊர்ச் சரக்கு. 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் தொடங்கியது. அதற்கு முன் ஹெர்குலிஸ் என்றால் சீமையிலிருந்து கப்பலில் வரவேண்டும். அம்பத்தூரும் அப்போது எங்கள் செங்கல்பட்டு மாவட்டம்தான், பிறகுதான் திருவள்ளூர் என்று பிரிந்தது. அப்பா மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டது எல்லாம் அந்த ஹெர்குலிஸும் பிலிப்ஸும். குரங்குப் பெடல் பழகும் பையன்களை மட்டும் ரோட்டுக்கு விடமாட்டார், ஏரிக்கரைக்குத்தான் அனுப்புவார். விழுந்தால் தண்ணீரில் விழு, லாரியில் விழாதே என்பார்.

கரையில் பெண்கள் தாமாக ஓட்டி நான் கண்டது வெகு தாமதமாகத்தான். 2001-க்குப் பிறகு அரசு பள்ளி மாணவிகளுக்கு சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. முதலில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கு, சில ஆண்டுகளில் எல்லோருக்கும். பஸ் வராத ஊர்களிலிருந்து முன்கூடையில் பையைப் போட்டுக்கொண்டு நாலைந்து பேர் சேர்ந்தாற்போல் கரைமேல் வருவார்கள். இந்தக் கால்வாய்க்கு அதைவிட நல்ல உபயோகம் ஒன்றை நான் பார்த்ததில்லை.

இங்கிலாந்தில் பழைய கால்வாய்க் கரைகள்தான் இன்று பேர் போன சைக்கிள் பாதைகள் என்று வருகிற பையன்கள் சொல்கிறார்கள். அங்கே கரையில் குதிரை நடந்து படகை இழுத்ததாம். நம்மிடமும் அப்படியொரு கால்வாய் உண்டே. கோக்ரேன் என்ற வெள்ளைக்காரர் 1801-இல் தொடங்கி, 1806-இல் எண்ணூர் வரை வெட்டி முடித்து, பிறகு பழவேற்காட்டுக்கு நீண்ட கால்வாய் அது. தாதுவருஷப் பஞ்சத்தில் கூலிக்கு ஆள் பிடித்து மேலும் வெட்டி, 1878-இல் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைச் சூட்டினார்கள். உப்பும் சவுக்கு விறகும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் அதில் பட்டணம் போயின. காற்று இல்லாதபோது படகை இழுத்தது குதிரை இல்லை, கரையில் கயிற்றைத் தோளில் போட்டு நடந்த ஆட்கள். அவர்கள் கால் தேய்த்த பாதையில் சைக்கிள் ஓட்டலாம் என்று கிளம்பினால் எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையமும் சாம்பலும் கண்டெய்னர் லாரியும்தான் எதிரே வரும். அந்தக் கரையை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

நான் சொல்வது பூண்டிப் பக்கம். ஊத்துக்கோட்டையிலிருந்து சீத்தஞ்சேரி காட்டு வழி. தார் ரோடுதான், ஆனாலும் காலையில் மரங்களும் மயிலும்தான் கூட வரும். பூண்டி தாண்டினால் அதிரம்பாக்கம். 1863-இல் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் அங்கே ஓடையில் கற்கோடரிகளைக் கண்டெடுத்தார். அவற்றில் பழையவை 15 லட்சம் ஆண்டுக்கு முந்தியவை என்று சாந்தி பப்புவின் குழு 2011-இல் வெளியிட்டது. பூண்டியில் அதற்கொரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. வருகிறவர்கள் அணையோடு படம் எடுத்துக்கொண்டு அதைப் பார்க்காமலே போகிறார்கள். பக்கத்துக் குடியம் குகைக்குப் போக வனத்துறையைக் கேட்டுக்கொண்டு, சைக்கிளை ஊரில் விட்டுவிட்டுக் காட்டுக்குள் நடக்க வேண்டும். கூழாங்கல் வழி, எந்த டயரும் தாங்காது.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் நிலைமை வேறு. முன்பு கவரப்பேட்டை தாண்டித்தான் லாரிக்குப் பயப்படுவோம். தேர்வாய்கண்டிகையில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபிறகு உள்ரோட்டிலும் டிரெய்லர் ஓடுகிறது. வேலை வந்தது, வேண்டாம் என்று சொல்ல நான் யார்? என் அக்கா மகனும் அங்கேதான் ஷிஃப்டுக்குப் போகிறான், சைக்கிளில் இல்லை, கம்பெனி பஸ்ஸில். ஆனால் அந்தப் பக்கத்து ஊர்களில் ஆடு மேய்த்த வழியும் ஏரிக்கரை வழியும் துண்டு துண்டாகிவிட்டன. 2020-இல் கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் திறந்தார்கள், அரை டி.எம்.சி. இன்னொரு கரை கிடைத்தது. அதுவும் பட்டணத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகத்தான்.

கரையை அகலப்படுத்தித் தார் போட்டு "சைக்கிள் பாதை" என்று பலகை வைக்க வேண்டும் என்று வருகிறவர்களில் சிலர் மனு எழுதி வைத்திருக்கிறார்கள், என்னிடமும் கையெழுத்து கேட்டார்கள். நான் போடவில்லை. தார் போட்ட அன்று பைக் வரும், மறுமாதம் மண் டிப்பர் வரும். கிராவலாகவே இருக்கட்டும், முள்ளை மட்டும் வெட்டட்டும், போகிறவர்களைத் தடுக்காமல் இருக்கட்டும்.

பாலத்தடியில் சில இடங்களில் வண்டி ஏறாமலிருக்க இரண்டு கல்லை நெருக்கமாக நட்டிருக்கிறார்கள். ஹெர்குலிஸ் ஹேண்டில் இலேசாகச் சாய்த்தால் நுழைந்துவிடும். இந்தக் காலத்து மலை சைக்கிளுக்கு ஹேண்டில் அகலம், நுழையாது. வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு தாண்டச் சொல்லித்தான் அனுப்புகிறேன். அவ்வளவு விலை கொடுத்து வாங்கியது, எடை ஒன்றுமே இல்லை.