முதியோர் இல்லத்துக்கு மார்க் போட்டவர்

இந்த முறை கொஞ்சம் வித்தியாசமான தலைப்பு. ஒரு முதியோர் இல்லம் நல்லதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாசலில் பூந்தொட்டி, வழவழவென்று தரை, ஹாலில் பெரிய டி.வி. இதையெல்லாம் பார்த்துவிட்டு "பரவாயில்லையே" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் இதையே ஒரு ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்த ஒருவர் இருந்தார். பெயர் பீட்டர் டவுன்சென்ட். இங்கிலாந்துக்காரர், சமூகவியல் அறிஞர்.

முதலில் கொஞ்சம் பின்னணி. இங்கிலாந்தில் 1834-ல் வந்த ஏழைகள் சட்டத்தால் "ஒர்க்ஹவுஸ்" என்ற விடுதிகள் பெருகின. போக்கிடம் இல்லாத ஏழைகளுக்குச் சோறும் படுக்கையும் உண்டு, மரியாதை மட்டும் கிடையாது. வயதானவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே நடுக்கம். 1948-ல் தேசிய உதவிச் சட்டம் வந்து இதற்கு முடிவு கட்டியது. இனி முதியோர் இல்லங்கள் ஹோட்டல் மாதிரி இருக்கும், தங்குபவர்கள் விருந்தாளி மாதிரி என்று அமைச்சர் அனூரின் பெவன் நம்பிக்கை கொடுத்தார்.

பத்து வருடம் கழித்து, அந்த ஹோட்டல் எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கிளம்பினார் டவுன்சென்ட். அப்போது அவருக்கு முப்பது வயதுதான். இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் 173 இல்லங்கள். அதில் 39 பழைய ஒர்க்ஹவுஸ் கட்டடங்கள், 53 உள்ளாட்சிகள் நடத்திய மற்ற இல்லங்கள், 39 தொண்டு நிறுவனங்களுடையவை, 42 தனியார் நடத்தியவை. மேனேஜரிடம் பேசிவிட்டு டீ குடித்துவிட்டுத் திரும்புகிற ஆள் இல்லை அவர். அங்கே இருந்தவர்களிடம் உட்கார்ந்து பேசினார், புகைப்படம் எடுத்தார். ஒரு இல்லத்தில் தானே உதவியாளாகச் சேர்ந்து, வயதானவர்களைக் குளிப்பாட்டும் வேலையும் செய்தார்!

பெயர்ப்பலகைதான் மாறியிருந்தது. பழைய கட்டடங்களில் வரிசையாக நெருக்கிப் போட்ட கட்டில்கள். சொந்தச் சாமான் வைக்க ஒரு சின்ன அலமாரிகூட இல்லாதவர்கள். நாள் முழுக்க நாற்காலியில் சுவரோரமாக உட்கார்ந்திருப்பவர்கள். 1962-ல் இதையெல்லாம் "கடைசிப் புகலிடம்" என்ற பொருள்படும் தலைப்பில் புத்தகமாக எழுதினார். இந்த மாதிரிப் பெரிய இல்லங்களே வேண்டாம், முதியவர்கள் தங்கள் சொந்த வீட்டிலேயே வாழ உதவி செய்யுங்கள் என்பதுதான் அவர் வாதம்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர் மார்க் போட்ட முறை. கட்டட வசதி, ஊழியர்கள் இரண்டும் எல்லோரும் பார்ப்பதுதான். அதோடு அவர் இன்னும் மூன்றைச் சேர்த்தார்: பொழுதைப் போக்க ஏதாவது வேலை இருக்கிறதா, அன்றாட வாழ்க்கையில் சுதந்திரம் இருக்கிறதா, வெளியுலகத்தோடு தொடர்பு இருக்கிறதா. விரும்பிய நேரத்துக்கு எழுந்திருக்க முடியாத இடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதற்கு மார்க் குறையத்தான் வேண்டும், இல்லையா? (நம்ம ஹாஸ்டலுக்கு இவர் வந்திருந்தால்... சரி, வேண்டாம்.)

ஆனால் சுதந்திரமும் பாதுகாப்பும் சில நேரம் மோதிக்கொள்கின்றன. அதற்கு உதாரணம் ஸ்காட்லாந்தில் உடிங்ஸ்டன் ஊரில் இருந்த ரோஸ்பார்க் இல்லம். 2004 ஜனவரி 31, விடிவதற்கு முன். மாடி நடைபாதையில் மின்சாரப் பெட்டி இருந்த ஒரு அலமாரி அறையில் தீப்பிடித்தது. இரவு வேலையில் இருந்தவர்கள் நான்கு பேர். அலாரம் அடித்தும் தீ எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்கள். தீயணைப்புப் படையைக் கூப்பிடவே பல நிமிடங்கள் ஆகிவிட்டன. அறைக் கதவுகளில் பல திறந்திருந்தன. கதவு திறந்திருந்தால்தான் தூக்கம் வரும் என்பது பல முதியவர்களின் பழக்கம். அந்த வழியாகத்தான் புகை உள்ளே போனது. 14 பேர் இறந்தார்கள்.

இத்தனைக்கும் அது யாரும் எட்டிப் பார்க்காத இடம் இல்லை. அரசு ஆய்வாளர்கள் வந்து போய்க்கொண்டுதான் இருந்தார்கள். தீ அபாய மதிப்பீடு என்று ஒரு அறிக்கைகூட ஃபைலில் இருந்தது. 2011-ல் வெளியான விசாரணை முடிவைப் பற்றிப் படித்தபோது ஒரு விஷயம் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. தீப்பிடித்தால் யாருக்கெல்லாம் ஆபத்து என்ற இடத்தில், அங்கே குடியிருந்த முதியவர்களை அந்த அறிக்கை கணக்கிலேயே எடுக்கவில்லை! எழுந்து நடக்கக்கூட முடியாதவர்கள் படுத்திருந்த இடம் அது.

கதவு விஷயத்துக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. சாதாரண நேரத்தில் கதவைத் திறந்தே பிடித்து வைத்திருக்கும், அலாரம் அடித்ததும் விட்டுவிடும், கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். அப்படி ஒரு கருவி. பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. முதியோர் இல்லம் பார்க்கப் போனால் டி.வி. எத்தனை இஞ்ச் என்று பார்க்காமல், கதவுக்கு மேலே இது இருக்கிறதா என்று பாருங்கள். ராத்திரி எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள், தீ ஒத்திகை கடைசியாக எப்போது நடந்தது, அதில் நைட் ஷிஃப்ட்காரர்களும் இருந்தார்களா என்றும் கேளுங்கள்.

ரோஸ்பார்க் உரிமையாளர்கள் மீது மூன்று முறை வழக்குப் போடப் பார்த்தார்கள். மூன்றும் நிற்கவில்லை. இல்லத்தை நடத்தியது ஒரு கூட்டு வணிக நிறுவனம். அது கலைக்கப்பட்டுவிட்டதால் குற்றம் சாட்ட ஆள் இல்லை என்றாகிவிட்டது. அந்த ஓட்டையை அடைக்க ஒரு சட்டம் வந்தது 2013-ல், தீப்பிடித்து ஒன்பது வருடம் கழித்து.