பூமியின் உலையைக் கண்டவர்

பாஞ்சியா என்ற பெருங்கண்டம் உடைந்த கதையை இந்த வாரம் சொல்வதாகப் போன இதழில் எழுதியிருந்தேன். ஆனால், அந்த உடைப்புக்குக் காரணம் கண்டவரைத் தாண்டிப் போக மனம் ஒப்பவில்லை. அவர் ஆர்தர் ஹோம்ஸ். இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்காரர்.

1911இல், 21 வயதில், யுரேனியம் ஈயமாகச் சிதைவதை வைத்து நார்வே பாறை ஒன்றின் வயது 37 கோடி ஆண்டு என்று கணக்கிட்டார். அதே ஆண்டு கனிமம் தேடி மொசாம்பிக் போனார். மலேரியா அவரைப் படுக்கையில் தள்ளியது. இறந்துவிட்டார் என்றே ஊருக்குச் செய்தி போனது. பிழைத்து வந்தவர், 1920இல் எண்ணெய்க் கம்பெனி வேலைக்காகப் பர்மா போனார். கம்பெனி நொடித்தது. உடன் போயிருந்த சின்னஞ்சிறு மகனை வயிற்றுக்கடுப்பு கொண்டுபோனது. வெறுங்கையோடு திரும்பியவருக்கு டர்ஹாம் பல்கலைக்கழகம் 1924இல் வேலை கொடுத்தது.

எதையும் விடாத அந்த மனிதர்தான், கண்டங்கள் நகர்கின்றன என்று வாதிட்ட வேகனர் திணறிய கேள்விக்கு விடை சொன்னார். கண்டங்களை நகர்த்துவது எது? பாறைகளின் கதிரியக்க வெப்பம் என்றார் ஹோம்ஸ். பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள மூடகம் திடப்பொருள்தான். ஆனால், கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல மெல்ல நகரும். சூடான பகுதி உலைநீர் போல மேலேறும், ஆறியது கீழிறங்கும். பெருங்கண்டம் போர்வையாக மூடிக்கொண்டால் அடியில் வெப்பம் தேங்கும். மேலேறும் ஓட்டம் கண்டத்தை இரு பக்கமும் இழுத்துக் கிழிக்கும். 1931இல் கிளாஸ்கோ புவியியல் சங்க இதழில் இது அச்சானது.

கேம்பிரிட்ஜின் ஹரால்டு ஜெஃப்ரீஸ், பூமி அவ்வளவு இளகாது என்று கணக்குப் போட்டு மறுத்தார். 1989இல் இறக்கும்வரை கண்டப்பெயர்ச்சியை அவர் ஏற்கவேயில்லை. மேதைதான். ஆனாலும் இந்தக் கதையின் வில்லன் அவர்தான் என்பேன். எதிரே குவிந்த சான்றுகளைவிடத் தன் கணக்கைப் பெரிதாக நினைத்தவர்.

ஹோம்ஸ் 1965இல் காலமானார். மறு ஆண்டே புவி இயற்பியலாளர் டூசோ வில்சன், அட்லாண்டிக் ஒருமுறை மூடித் திரும்பத் திறந்ததா என்று கேட்டு, பெருங்கண்டங்கள் சேர்ந்து பிரியும் சுழற்சிக்கு வாசல் திறந்தார். வெற்றியைப் பார்க்காமலே போன ஹோம்ஸுக்குத்தான் என் முதல் மரியாதை.

அப்படியானால் பாஞ்சியா? 20.1 கோடி ஆண்டுகளுக்கு முன் அதன் நடுவே கிளம்பிய எரிமலைக் குழம்பு பிரேசில், மொராக்கோ, இன்றைய நியூயார்க் எதிரே ஹட்சன் ஆற்றங்கரை வரை பாய்ந்தது. பாதி உயிரினங்களுக்கு மேல் அழிந்த காலமும் அதுதான். அந்த நெருப்பை அடுத்த வாரம் மொராக்கோ மலைகளிலிருந்து தொடங்குகிறேன்.

(தொடரும்)