சிந்தாதிரிப்பேட்டைக்கு இரண்டாம் முறை வந்தவர்கள்

சிந்தாதிரிப்பேட்டை என்றதும் இன்று நமக்கு மீன் சந்தையும் பறக்கும் ரயில் நிலையமும்தான் நினைவுக்கு வரும். கூவத்தின் ஒரு வளைவுக்குள் அடங்கிய இந்தப் பேட்டை, ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில், 1734இல், நெசவாளர்களைக் குடியேற்றுவதற்காக உண்டாக்கப்பட்டது. சின்னத் தறிப் பேட்டை என்ற பெயரே இப்படி மருவியது என்பார்கள். தறிகளுக்காக அமைந்த அந்த ஊருக்கு, நூறாண்டு கழித்து, நூலும் பாவும் தெரியாத சில அமெரிக்கர்கள் வந்து சேர்ந்தார்கள். தமிழ் அகராதி வரலாற்றில் ஆர்வமுள்ள நண்பர்களுக்கு அவர்களில் ஒருவர் பெயர் நன்றாகவே தெரியும். மைரன் வின்சுலோ. அவருடன் வந்த மருத்துவர் ஜான் ஸ்கடரையும் அவர் மனைவி ஹேரியட்டையும் நாம் அவ்வளவாக நினைப்பதில்லை.

கதை 1819இல் தொடங்குகிறது. நியூயார்க்கில் நல்ல வரும்படியுடன் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தார் ஸ்கடர். நோயாளி ஒருவரைப் பார்க்கப் போன இடத்தில், காத்திருந்த வேளையில், உலக மக்களைக் கிறித்துவத்துக்கு மாற்றுவதைப் பற்றிய ஒரு சிறு பிரசுரத்தை எடுத்துப் படித்தார். அதன் ஆசிரியர்களில் ஒருவர் அப்போது பம்பாயில் ஊழியம் செய்துகொண்டிருந்த கோர்டன் ஹால். அந்த வாசிப்பு வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. 1819 ஜூன் மாதம் பாஸ்டனிலிருந்து புறப்பட்ட 'இண்டஸ்' என்ற கப்பலில் ஸ்கடர் தம்பதியும், வின்சுலோவும் அவருடைய முதல் மனைவி ஹேரியட் லாத்ராப்பும் இருந்தனர். ஸ்கடருக்கு அப்போது 25 வயது.

கப்பல் கல்கத்தா வழியாக வந்தாலும் அவர்கள் இந்தியாவில் தங்கவில்லை, யாழ்ப்பாணத்துக்குப் போனார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அமெரிக்கப் பாதிரிமார்மேல் நம்பிக்கை இல்லை. இலங்கையோ நேரடியாக அரசரின் ஆட்சியில் இருந்தது. யாழ்ப்பாணத் தீபகற்பத்தில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. ஸ்கடர் பண்டத்தரிப்பில் மருத்துவம் பார்த்தார். வின்சுலோ உடுவிலில் இருந்தார். பதினேழு ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. அவர்கள் தமிழைப் பழகியது அங்கேதான்.

1833ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம் கம்பெனியின் பிடியைத் தளர்த்தியது. 1835இல் அச்சகங்களின் மீதிருந்த கட்டுப்பாடுகளும் நீங்கின. தமிழில் நூல்களை அச்சிடச் சென்னையே தக்க இடம் என்று கருதிய அமெரிக்க மிஷன், 1836இல் இவ்விருவரையும் அங்கே அனுப்பியது. அதற்குள் வின்சுலோவின் முதல் மனைவி உடுவிலில் காலமாகிவிட்டார். புதியதாக மணந்த மனைவியும் சென்னைக்கு வந்த அடுத்த ஆண்டே மறைந்தார்.

நாற்பதைக் கடந்த பிறகு ஒரு புது ஊரில் குடியேறுவது எப்படிப்பட்ட அனுபவம்? மொழி தெரியும். ஆனால் அது யாழ்ப்பாணத்தில் கேட்டுப் பழகிய தமிழ். சென்னைத் தெருவிலோ தமிழோடு தெலுங்கும் தக்கணி உருதும் கலந்து ஒலித்தன. பனந்தோப்பு நடுவே ஒரு கிராமத்துக்கே துரையாக இருந்தவர், இங்கே ஆளுநரும் ஆங்கிலேயப் பாதிரிமாரும் நிறைந்த நகரத்தில் பலரில் ஒருவர். அவர்கள் பேச்சை மக்கள் வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருக்கவும் இல்லை. 1840களில் சதுர்வேத சித்தாந்த சபை என்ற அமைப்பு இதே நகரத்தில் மிஷனரிகளுக்கு எழுத்தாலேயே பதில் சொல்லத் தொடங்கியது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஸ்கடர் அமெரிக்கக் குழந்தைகளுக்காக எழுதிய நூல்களை இன்று படிக்கும் தமிழருக்குக் கோபம் வராமல் இராது. நம் கோயில்களையும் விழாக்களையும் பற்றி அவற்றில் அருவருப்பைத் தவிர வேறு பார்வையே இல்லை. கடும் வெயிலில் ஊர் ஊராகப் போய் நோயாளிகளைத் தொட்டு மருத்துவம் பார்த்த கைதான் அந்தப் பக்கங்களையும் எழுதியது. இரண்டையும் சேர்த்தே அந்த மனிதரை நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

அந்நாளைய மிஷனரி குடும்பங்களில் பிள்ளைகள் ஓரளவு வளர்ந்ததும் அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். அதன்பின் பல ஆண்டுகள் கடிதம்தான். 1842இல் உடல்நலம் குன்றிய ஸ்கடர் தம் குடும்பத்துடன் தாயகம் திரும்பினார். அங்கேயே தங்கியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் 1846இன் இறுதியில் மீண்டும் கப்பலேறினார்கள். கணவன், மனைவி இருவரும் ஐம்பதைக் கடந்திருந்தனர். யாழ்ப்பாணத்தில் பிறந்த மூத்த மகன் ஹென்றி 1844இலேயே மிஷனரியாக மதுரைக்கு வந்துவிட்டிருந்தார். பெற்றோர் சிறிது காலம் மதுரையில் இருந்துவிட்டு 1849இல் சென்னைக்கு வந்தார்கள். அந்த நவம்பரிலேயே ஹேரியட் காலமானார். நாடுவிட்டு வந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

வின்சுலோவின் கதை வேறு விதம். சென்னையில் அவர் வீட்டில் மரணம் மீண்டும் மீண்டும் நுழைந்தது. நான்கு மனைவியரை இழந்து, அறுபதைக் கடந்தபின் ஐந்தாம் முறையாக மணந்தார். இத்தனைக்கும் நடுவே அசையாமல் நடந்த ஒரு வேலை உண்டு. யாழ்ப்பாணத்தில் ஜோசப் நைட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் தொடங்கி முடிக்காமல் விட்டுப்போன சொற்றொகுப்பை வின்சுலோ கையில் எடுத்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்தார். இராமாநுச கவிராயரைப் போன்ற தமிழ்ப் புலவர்கள் துணை நின்றார்கள். 1862இல் 67,000க்கும் மேற்பட்ட சொற்களுடன் அந்தத் தமிழ்-ஆங்கிலப் பேரகராதி வெளிவந்தது. அதை அச்சிட்டது அமெரிக்கன் மிஷன் அச்சகம். அச்சகத்தின் பொறுப்பாளர் பினியஸ் ஹண்ட் தமிழ் எழுத்துருக்களைச் சிறிதாகவும் தெளிவாகவும் வார்க்கச் செய்தவர். அவர் உழைப்பு இல்லாமல் இத்தனை சொற்கள் ஒரே தொகுதிக்குள் அடங்கியிருக்குமா என்பது ஐயமே.

முடிவுகளில் ஒரு விசித்திரமான ஒற்றுமை இருக்கிறது. உடல் தேறுவதற்காக நன்னம்பிக்கை முனைக்குப் போன ஸ்கடர் 1855 ஜனவரியில் அங்கே வின்பெர்க் என்ற ஊரில் இறந்தார். அகராதி வெளிவந்து இரண்டே ஆண்டுகளில், 1864இல், தாயகம் நோக்கிப் புறப்பட்ட வின்சுலோவும் அதே நன்னம்பிக்கை முனையில் கண்மூடினார். ஒரே கப்பலில் வந்த இருவருக்கும் பிறந்த மண்ணும் கிட்டவில்லை, வாழ்ந்த மண்ணும் கிட்டவில்லை. 1866இல் சென்னை அச்சகம் கைமாறியதும் ஐம்பது வயதான ஹண்ட், மனைவியுடன் பீகிங் நகரத்துக்குப் போய் அங்கே அச்சகம் நடத்தினார். 1878இல் அங்கேயே இறந்தார்.

வந்த நோக்கத்தை அளவாக வைத்தால் சென்னையில் அவர்கள் பெற்றது சொற்பம். அமெரிக்க மிஷனே சில ஆண்டுகளில் நகரத்தைவிட்டு விலகிவிட்டது. ஆனால் ஸ்கடரின் ஏழு ஆண் மக்களும் இந்தியாவில் மிஷனரிகளானார்கள். கடைசி மகன் ஜானின் மகள் ஐடா, 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். வேலூர் மருத்துவமனை அவர் உருவாக்கியது. வின்சுலோவின் அகராதியோ, பின்னால் வந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதிக்கு வழியமைத்துக் கொடுத்தது. 1913இல் தொடங்கிய அப்பணியின் முதல் தலைமைப் பதிப்பாசிரியர் ஜே. எஸ். சாண்ட்லரும் ஓர் அமெரிக்க மிஷனரிதான், ஆனால் மதுரையில் பிறந்தவர். பணி 1915இல் சென்னைக்கு மாறியபோது அவருக்கு 66 வயது.

நம்மை மாற்ற வந்தவர்கள் நம் சொற்களை எண்ணி அடுக்கி வைத்துவிட்டுப் போனார்கள். நம் வழிபாட்டை இகழ்ந்தவர்களே நம் தெய்வங்களின் பெயர்களையும் விடாமல் அகரவரிசையில் சேர்த்தார்கள். அவர்களுக்கு நன்றி சொல்வதா, கணக்குத் தீர்ப்பதா என்று நாம் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கலாம். அந்த விவாதத்தின் நடுவே ஒரு சொல்லுக்குப் பொருள் ஐயம் வந்தால், எழுந்து போய்ப் புரட்டும் புத்தகங்களில் ஒன்று வின்சுலோவாக இருக்கிறது.