கையின் குறையும் மருத்துவப் பணியும்

நாவலூரில் நமது சபையைச் சேர்ந்த மாணவி ஒருத்தி சில திங்களுக்கு முன் நம்மிடம் வந்தாள். பிறவியிலேயே அவளுடைய வலது மணிக்கட்டு வலுவற்றது. விரல்களும் முழுதாக மடங்குவதில்லை. "ஐயா, இந்தக் கையோடு நான் மருத்துவம் படிக்கலாமா?" என்று கேட்டாள். உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. வரலாற்றை ஆராய்ந்தபின் நாம் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகிறோம்.

வினா பழமையானது. கை ஒடிந்தவர் பலிபீடத்தண்டை பணிசெய்யலாகாது என்னும் விதி லேவியராகமம் 21ஆம் அதிகாரத்தில் உண்டு. அவ்விதி அவருக்குப் பரிசுத்த அப்பத்தை மறுக்கவில்லை, பணியையே மறுத்தது. நம் நாட்டு மருத்துவக் கல்வியிலும் இதையொத்த விதி ஒன்று 2019இல் இடம்பெற்றது. மாற்றுத்திறனாளிகளுக்குரிய ஒதுக்கீட்டில் மருத்துவம் பயில வருவோரின் இரு கைகளும் பழுதின்றி, போதிய உணர்ச்சியும் வலிமையும் அசைவும் உடையனவாய் இருத்தல் வேண்டும் என்பதே அது.

நமது மாநிலத்தின் மருத்துவ வரலாறு காட்டும் வழி வேறு. நாவலூருக்கு அதிகத் தொலைவில் இல்லாத செங்கல்பட்டில், லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவ நிலையத்திற்கு 1947இல் மருத்துவர் பால் பிராண்ட் சென்றார். கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோரிடம் வளர்ந்த அவர், அப்போது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராயிருந்தார். அந்நிலையத்தின் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் அவருக்கு நோயாளரைக் காட்டினார். விரல்கள் மடங்கிப்போன ஒருவரிடம் தம் கையை இறுகப் பற்றும்படி பிராண்ட் கேட்டார். அப்பிடியின் வலிமை அவரைத் திடுக்கிடச் செய்தது. பயனற்றதென ஒதுக்கப்பட்ட கையினுள் நல்ல தசைகள் எஞ்சியிருந்தன. நோய் சில நரம்புகளைத் தாக்கிச் சில தசைகளையே செயலிழக்கச் செய்திருந்தது. பின்னர் வேலூரில், நலமாயுள்ள தசையின் நாணை இடம்மாற்றித் தைத்து, செயலற்ற விரலை இயக்கும் அறுவை முறையை அவர் வளர்த்தார். ஒரு தசை இழந்த வேலையை மற்றொன்று பயிற்சியினால் கற்றுக்கொண்டது.

அவ்வாறே தம் பணியை மாற்றிக்கொண்டவர் மருத்துவர் மேரி வர்கீஸ். கேரளத்தில் பிறந்து, வேலூரில் மருத்துவம் பயின்ற அவர், 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து இடுப்பிற்குக் கீழே இயக்கமிழந்தார். அவருடைய கைகளோ நலமாயிருந்தன. கை அறுவையை அமர்ந்தவாறே செய்யலாம் என்பதை உணர்ந்த பிராண்ட் அவரை அத்துறைக்கு அழைத்தார். மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளரின் கைகளைச் சீராக்கினார். பின்பு அயல்நாடுகளில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் அவர் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

கையிலேயே நோயுற்ற மருத்துவரும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் கிறிஸ்டியான் பர்னார்டுக்கு முடக்குவாதம் இருப்பது 1956இல் கண்டறியப்பட்டது. 1967 டிசம்பர் 3ஆம் நாள், உலகில் முதன்முதலாக மனித இதயத்தை மற்றொருவருக்குப் பொருத்தியவர் அவரே. நோய் கைகளை மிகவும் வருத்தவே 1983இல் ஓய்வு பெற்றார். எல்லை ஒன்று இருந்தது மெய்யே. ஆனால் அது 27 ஆண்டுப் பணிக்குப்பின் வந்தது.

மேற்கூறிய விதியினால் இடம் மறுக்கப்பட்ட ஒரு மாணவரின் வழக்கில், 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. கைகளின் முழுமையை அன்று, தக்க கருவிகளின் துணையுடன் ஒருவர் செய்யவல்லது யாது என்பதையே மதிப்பிட வேண்டும் என்னும் நெறி இவ்வாறு உறுதிபெற்றது.

ஆயர்களாகிய நம்மிடம் இத்தகைய இளைஞர் வருவர். இரக்கத்தினால் அவர்களைத் தடுப்பதும், ஆராயாமல் ஊக்குவிப்பதும் ஒருங்கே தவறாகும். அறுவை மருத்துவத்திற்கு வேண்டிய விரல் நுட்பம் மனநல மருத்துவத்திற்கு வேண்டுவதில்லை. ஆயினும் அடிப்படை மருத்துவப் படிப்பில் யாவரும் கையால் செய்து கற்க வேண்டிய பயிற்சிகள் பல. ஆகவே அம்மாணவியிடம், "படிக்கலாம், மகளே, முதலில் உன் கை எதைச் செய்யும், எதற்குத் துணை வேண்டும் என்பதைத் தக்க மருத்துவரிடம் அறிந்து வா" என்றோம். அடுத்த வாரமே அவள் சென்றாள். நாமும் உடன் சென்றோம்.