முகமூடியும் குரலும்

சுயேச்சை வெளியீடு என்றால் கலைஞன் விரும்பி ஏற்ற சுதந்திரம் என்றே பாவிக்கிறோம். ஹிப் ஹாப் கலைஞர் டேனியல் டுமிலேயின் சரித்திரம் வேறு. கேஎம்டி குழுவில் உடன் இயங்கிய தம்பி சப்ராக் 1993இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் கார் மோதி இறந்தார். மறு வருஷம் எலெக்ட்ரா கம்பெனி அவர்களது இரண்டாவது ஆல்பத்தை நிறுத்திவைத்துக் குழுவையும் கைவிட்டது. காரணம், அட்டைப்படம்: கறுப்பரை இழிவுசெய்யும் பழைய கேலிச்சித்திர உருவம் ஒன்று தூக்கில் தொங்கியது. இழிவைத் தூக்கிலிட்ட சித்திரத்தையே இழிவு என்று வாசித்தார்கள்.

சில வருஷ மௌனத்துக்குப் பின், மன்ஹாட்டனின் நியுயோரிகன் கவிஞர்கள் கஃபே மேடையில், மெல்லிய காலுறையால் முகத்தை மூடிக்கொண்டு டுமிலே ராப் பாடினார். 1999இல் பாபிட்டோ கார்சியாவின் சிறு நிறுவனமான ஃபாண்டில் எம், 'ஆபரேஷன்: டூம்ஸ்டே' ஆல்பத்தை வெளியிட்டது. எம்எஃப் டூம் என்ற புதுப் பெயரில் அவருடைய முதல் தனி ஆல்பம் அது. பாட்டுகளுக்கிடையே கார்ட்டூன் வில்லனின் வசனங்கள். தலைப்புப் பாட்டிலோ தம்பியின் சாவு.

வில்லன் வேஷம் வெறும் விளையாட்டல்ல என்பதை இந்த அருகாமையே காட்டிவிடுகிறது. முகத்தை விற்பதே வியாபாரமாகிவிட்ட இசையில் அவர் முகத்தை விலக்கிக்கொண்டார். சொல் மட்டும் மிஞ்சியது. நிராகரிப்பின் மிச்சமாக வந்த சுதந்திரத்தை அவர் வடிவமாக்கினார். 2020 அக்டோபர் 31இல் நேர்ந்த அவர் மரணம்கூட இரண்டு மாதம் கழித்தே உலகுக்குத் தெரிந்தது.